புள்ளிகள் சொல்லும் பழங்கதை

பாரிஸ் மாநகரிலே மகள் குடும்பத்தோடு மூன்று மாதங்கள் தங்கியிருந்து திரும்பிய மூதாட்டி ஒருவர், அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். பயணக் கதைகள் பலவற்றைக் கூறினார். குளிரைப்பற்றிக் கூறினார்; நிலத்தின் கீழ் ஓடும் புகையிரதத்தைப்பற்றிக் கூறினார். இறுதியில், "அங்கை ஒரு புத்தகம் கண்டன், பிள்ளை. அதிலை எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை. முழுக்கப் பொட்டுத்தான். ஆனால் கதை இருந்தது" என்றார்.

அம்மையாரின் பேத்திக்கு வயது ஆறு. வீட்டிலே தாயும் தந்தையும் தமிழ் பேசுவார்கள். பிள்ளை அதைக் கேட்டு விளங்கிக்கொள்வாள். மறுமொழி மட்டும் பிரெஞ்சு மொழியில் வரும். அம்மம்மாவுக்கோ தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஊரிலிருந்து கொண்டுசென்ற தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பேத்தியால் வாசிக்க இயலவில்லை. பேத்தியின் பிரெஞ்சுப் புத்தகங்களை அம்மம்மாவால் வாசிக்க இயலவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதோடு முதல் மாதம் கழிந்துவிட்டது. அவ்வேளையிலேதான் நூல்நிலையத்திலிருந்து அந்தப் பொட்டுப் புத்தகம் வீட்டிற்கு வந்ததாம்.

அவர் கூறிய அடையாளங்களைக்கொண்டு அஃது எந்த நூல் என்று அறிவது நமக்குக் கடினமாக இருக்கவில்லை. சுவிற்சலாந்து தேசத்து ஓவியரான வார்யா லவாற்றர் என்னும் அம்மையார் ஆக்கிய செந்தொப்பிச் சிறுமியின் கதையே அது. 1965ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பதிப்பாளரான அட்ரியன் மாக்ட் அதனை வெளியிட்டார். இவ்வாரம் இந்நூலைப்பற்றியும், இதனோடு உறவுடைய வேறு சில நூல்களைப்பற்றியும் நேயர்களோடு சிறிது உரையாட விரும்புகிறோம். ஓவியரின் விளையாட்டுப்போலத் தோன்றும் இந்நூல்களுக்குள், கதை என்பது யாது, அதனைச் சொல்பவர் யார் என்னும் கேள்விகள் அடங்கிக் கிடக்கின்றன.

மடித்த காகிதத்தில் ஒரு காடு

செந்தொப்பிச் சிறுமியின் கதையை அறியாத மாணவர் இலர். நோயுற்ற பாட்டிக்குப் பண்டம் கொண்டுசெல்லும் சிறுமி காட்டு வழியில் ஓநாயைச் சந்திக்கிறாள். ஓநாய் முந்திச் சென்று பாட்டியை விழுங்கி, அவளுடைய படுக்கையில் படுத்துக்கொண்டு சிறுமிக்காகக் காத்திருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இக்கதைக்குப் போடப்படும் படங்களையும் நாம் அறிவோம். சிவந்த கன்னங்களையுடைய சிறுமி, கூடை, பல்லை இளிக்கும் ஓநாய், பாட்டியின் இரவுத் தொப்பி ஆகியவையே அவை.

லவாற்றரின் நூலில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. சிறுமி ஒரு சிவப்புப் புள்ளி. ஓநாய் ஒரு கறுப்புப் புள்ளி. காட்டு மரங்கள் பச்சைப் புள்ளிகள். தாய், பாட்டி, வேடன் ஆகியோருக்கும் தனித்தனி நிறங்கள் உண்டு. வீட்டையும் கட்டிலையும் எளிய வடிவங்கள் குறிக்கின்றன. நூலின் தொடக்கத்தில், தேசப்படத்தின் மூலையில் குறிவிளக்கம் இருப்பதுபோல, எந்தக் குறி எதனைச் சுட்டுகிறது என்று ஒரு பட்டியல் தரப்பட்டிருக்கிறது. அதன்பின்பு கதை முடியும்வரை ஒரு சொல்லும் இல்லை.

நூலின் அமைப்பும் வழக்கமான புத்தகத்தின் அமைப்பன்று. ஒரு நீண்ட காகிதம் விசிறிபோல முன்னும் பின்னுமாக மடிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய மடிப்புநூலை ஐரோப்பியர் 'லெப்பொரெல்லோ' என்று அழைப்பர். மோற்சாற்றின் இசைநாடகம் ஒன்றில் வரும் லெப்பொரெல்லோ என்னும் வேலைக்காரன், தன் எசமானுடைய காதலிகளின் நீண்ட பட்டியலை விரித்துக் காட்டுவதனால் ஏற்பட்ட பெயர் அது. பக்கம் பக்கமாகவும் இதனைப் படிக்கலாம். முழுவதையும் தரையில் விரித்து, காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துகொண்டும் படிக்கலாம். நம் மூதாட்டியின் பேத்தி பின்னதையே செய்தாளாம். கூடத்தில் தொடங்கிய புத்தகம் குசினி வாசலில் முடிந்ததாம்.

சொல்லில்லாத இடத்தில் கதையை நடத்துவது யாது? இடமும் அளவும் தூரமுமே அதனை நடத்துகின்றன. சிவப்புப் புள்ளி தாயின் புள்ளிக்கு அருகில் இருக்கும்போது மனத்தில் ஒரு நிம்மதி தோன்றுகிறது. பச்சைப் புள்ளிகளின் நடுவே அது தனித்து நிற்கும்போது நிம்மதி குறைகிறது. கறுப்புப் புள்ளி அதே பக்கத்தில் தோன்றியவுடன், இரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை நம் கண் தானாகவே அளக்கத் தொடங்குகிறது. அந்த அளத்தலே அச்சம். ஓவியர் பல்லையும் நகத்தையும் வரைந்திருந்தால் அந்த அச்சம் ஓநாயினுடையதாக இருந்திருக்கும். அவர் வரையாது விட்டமையால் அது நம்முடையதாகிவிடுகிறது.

ஓவியர் வந்த வழி

லவாற்றர் 1913ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தின் வின்ரதூர் நகரில் பிறந்தவர். தந்தையார் பொறியியலாளர், தாயார் மேரி லவாற்றர்-ஸ்லோமன் வரலாற்று நூல்கள் எழுதிப் புகழ்பெற்றவர். குழந்தைப் பருவத்தை மொஸ்கோவிலும் ஏதென்ஸிலும் கழித்துவிட்டு, 1922இல் குடும்பத்தினர் தாய்நாட்டிற்குத் திரும்பினர். எழுத்து வடிவமே வெவ்வேறான இரு தேசங்களில் வளர்ந்த பிள்ளை அவர். சொல் விளங்காத இடத்தில் குறியைப் பார்த்து அறிந்துகொள்ளும் பழக்கம் அங்கேயே தொடங்கியதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

சூரிச் நகரில் கலைத்தொழில் பயின்றபின், கணவரான கொட்பிரீட் ஹொனெகருடன் சேர்ந்து விளம்பர வடிவங்கள் வரையும் நிலையம் ஒன்றை நடத்தினார். அக்காலத்தில் ஒரு பெரிய சுவிஸ் வங்கிக்காக அவர் வரைந்த சின்னம் மூன்று சாவிகள். நம்பிக்கை, பாதுகாப்பு, இரகசியம் பேணல் ஆகிய மூன்றையும் அச்சாவிகள் குறிக்குமாம். 1998இல் அவ்வங்கி மற்றொன்றுடன் இணைந்தபோதும் சாவிச் சின்னம் நிலைத்துவிட்டது. மூன்று குணங்களை மூன்று சாவிகளுக்குள் அடக்கத் தெரிந்த கைக்கு, ஒரு சிறுமியைப் புள்ளிக்குள் அடக்குவது அரிதாக இருந்திராது.

பின்பு பல ஆண்டுகள் இளைஞர் சஞ்சிகை ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்து, 1958இல் நியூயோர்க் சென்றார். அந்நகரத்து வீதிக்குறிகளும் விளம்பரப் பலகைகளும் அவரைக் கவர்ந்தன. ஆயிரம் மொழிகள் பேசும் மக்கள் கூடிய நகரத்தில், எழுத்தறியாதவனும் கண்டவுடன் விளங்கிக்கொள்ளும் குறிகள் மக்களை நடத்திச் செல்வதை அவர் கண்டார். வாகனத்தை நிறுத்தும் ஆற்றல் ஒரு சிவப்பு வட்டத்திற்கு உண்டாயின், ஒரு கதையை நடத்தும் ஆற்றல் ஏன் இருத்தலாகாது? இவ்வெண்ணத்தின் விளைவாக, 1962இல் மகனுடைய தலைமீது வைத்த அப்பிளை அம்பெய்து வீழ்த்திய வில்லியம் டெல்லின் கதையை மடிப்புநூலாக்கினார். மூன்றாண்டுகளின்பின் செந்தொப்பிச் சிறுமி வந்தாள். 1974இல் ஸ்னோவைட் கதையும், 1982இல் உறங்கும் அழகியின் கதையும் இவ்வாறே உருப்பெற்றன. 2007ஆம் ஆண்டில் அவர் சூரிச் நகரில் காலமானார்.

இத்தகைய நூல்களை 'ஓவியர் நூல்' என்று வகைப்படுத்துவர். எழுத்தாளர் எழுதிய கதைக்கு ஓவியர் படம் போடுவது ஒன்று. தாள், மடிப்பு, நிறம், அச்சு ஆகிய அனைத்தையும் ஓவியரே தீர்மானித்து, புத்தகம் முழுவதையும் ஒரு கலைப்பொருளாக ஆக்குவது மற்றொன்று. பின்னையதே ஓவியர் நூல். லவாற்றரின் நூல்கள் லிதோ என்னும் கல்லச்சு முறையில் அச்சிடப்பட்டவை. இம்முறையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தல் வேண்டும். புள்ளிதானே என்று நாம் இலேசாக எண்ணுவதற்குப் பின்னால் அச்சகத்தாரின் பெரும் பொறுமை இருக்கிறது.

இரண்டு முடிவுகள்

இக்கதைக்கு இரண்டு முடிவுகள் உண்டு என்பதைப் பலர் அறியார். 1697இல் பிரான்சு தேசத்துச் சார்ள்ஸ் பெரோ இதனை நூலில் எழுதியபோது, ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு கதை முடிந்துவிட்டது. காப்பாற்ற எவரும் வரவில்லை. அதன்பின், இனிமையாகப் பேசிப் பின்தொடரும் ஓநாய்களே எல்லாவற்றிலும் கொடியவை என்று பெண்பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையைப் பாடலாகச் சேர்த்தார். 1812இல் ஜேர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுதியிலேதான் வேடன் வந்தான். ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு மீட்டான்.

லவாற்றர் தம் நூலைப் பெரோவின் பெயரால் வழங்கியபோதிலும், குறிவிளக்கத்தில் வேடனுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். அவர் செய்தது சரியா, பெரோ செய்தது சரியா என்பது பெற்றோர் சிந்திக்கவேண்டிய விடயம். குழந்தைக்கு ஆபத்தை உள்ளபடி கூறவேண்டும் என்பது ஒரு கட்சி. ஆபத்தைக் கூறி, அதிலிருந்து மீளும் வழி உண்டென்பதையும் கூறவேண்டும் என்பது மறுகட்சி. நாம் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆயினும், ஓநாயை முழுவதுமாக நீக்கிவிட்டு, காட்டுக்குள் பூப்பறித்து மகிழ்ந்தாள் என்று கதையை முடிப்போர் கட்சியில் நாம் ஒருபோதும் சேரமாட்டோம். ஓநாயைக் கதையில் சந்தியாத பிள்ளை அதனை வீதியில் சந்திக்கும்போது பெயர் தெரியாது திகைக்கும்.

முன் நடந்தவர்களும் உடன் நடந்தவர்களும்

கதையை வடிவங்களால் கூறும் முயற்சி லவாற்றரோடு தொடங்கியதன்று. ரஷ்ய ஓவியரான எல் லிசிற்ஸ்கி 1922ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் 'இரண்டு சதுரங்களைப்பற்றி' என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதன் பாத்திரங்கள் ஒரு சிவப்புச் சதுரமும் ஒரு கறுப்புச் சதுரமும். அவை தொலைவிலிருந்து பூமியை நோக்கிப் பறந்துவருகின்றன. பூமியிலே எல்லாம் ஒழுங்கற்றுக் கிடக்கின்றன. ஒரு மோதல் நிகழ்கிறது. சிதறியவற்றின்மேல் சிவப்பு புதியதொன்றைக் கட்டி எழுப்புகிறது. நூலைக் குழந்தைகளுக்கே உரியதாக்கிய ஓவியர், வாசிப்பதோடு நில்லாமல் காகிதத்தையும் மரத்துண்டுகளையும் எடுத்து மடித்தும் நிறந்தீட்டியும் கட்டியும் விளையாடுமாறு அவர்களை ஏவினார்.

சிவப்பு எதனைக் குறிக்கிறது என்பதை அந்நாளைய ரஷ்யர் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. புரட்சியின் நிறம் அது. ஆகவே, புள்ளியும் சதுரமும் கள்ளமற்றவை என்று நாம் எண்ணிவிடலாகாது. சொல்லைப்போலவே குறியும் ஒரு கட்சிக்காக வாதாடும் வல்லமை உடையது. வெறும் வடிவங்களாலான இவ்வகை ஓவியத்தையே சோவியத் அரசு 1930களில் ஒதுக்கித் தள்ளியது என்பது வரலாற்றின் விசித்திரம்.

1925இல் ஜேர்மனியிலே குர்ட் ஷ்விற்றர்ஸ், கேற்ற ஸ்ரைனிற்ஸ், தியோ வான் டோஸ்பர்க் ஆகிய மூவரும் கூடி 'வெருளி' என்னும் கதைநூலை ஆக்கினர். இதில் அச்சு எழுத்துக்களே பாத்திரங்கள். வயலில் நிற்கும் வெருளி 'எக்ஸ்' என்னும் எழுத்து. கைகளை விரித்து நிற்கும் வெருளிக்கு அதனைவிடப் பொருத்தமான எழுத்து வேறு யாது?

1959இல் லியோ லியோனி வெளியிட்ட 'சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்' என்னும் நூல் பிறந்த வரலாறு சுவையானது. புகையிரதப் பயணத்தில் பொறுமையிழந்த பேரப்பிள்ளைகள் இருவரை அமைதிப்படுத்துவதற்காக, அவர் கையிலிருந்த சஞ்சிகையின் தாள்களைக் கிழித்து நிறத் துண்டுகளாக்கிக் கதை சொன்னார். நீலத்துண்டும் மஞ்சள் துண்டும் நண்பர்கள். ஒன்றையொன்று தழுவியபோது இரண்டும் பச்சையாகிவிட்டன. வீட்டிற்குப் போனால் பெற்றோருக்கு அடையாளம் தெரியவில்லை! பழங்கதை அன்றாயினும், பழங்கதைக்குரிய ஏக்கம் அதில் இருக்கிறது. தம் பிள்ளை பிறரோடு பழகி வேறு நிறமாகித் திரும்புவதைக் கண்டு திகைக்கும் பெற்றோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு.

இத்தாலியின் மிலான் நகரத்தவரான புரூனோ முனாரி செந்தொப்பிச் சிறுமியின் தொப்பியை மாற்றி மாற்றி விளையாடினார். 1972இல் பச்சைத் தொப்பிச் சிறுமியும் மஞ்சள் தொப்பிச் சிறுமியும் அவரிடமிருந்து வந்தனர். பின்னர் வெண்தொப்பிச் சிறுமி வந்தாள். அவளுடைய கதை பனிமூடிய நாளொன்றில் நிகழ்வதனால், பக்கங்கள் யாவும் வெறும் வெள்ளை! அடியில் இருக்கும் சொற்களைக்கொண்டு, மேலே காணாத படத்தை வாசகனே தன் மனத்தில் வரைந்துகொள்ளல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

"முக்கோணத்தைக் கண்டு அஞ்சுவார் உண்டோ?" என்று மாணவர் கேட்கக்கூடும். அமெரிக்க ஓவியரான மொலி பாங் 1991இல் எழுதிய நூலொன்றில், இதே கதையைக் கத்தரித்த காகிதத் துண்டுகளால் படிப்படியாக அமைத்து விடை தேடினார். சிறுமிக்கு ஒரு சிறிய சிவப்பு முக்கோணம். காட்டிற்கு நெடிய மரங்கள். மரங்களின் உச்சி தாளுக்குள் அடங்காது மேலே சென்றபோது காடு பெரிதாயிற்று. சில மரங்களைச் சரித்துவைத்தவுடன் காட்டிலே ஏதோ பிழை இருக்கிறது என்ற உணர்ச்சி தோன்றியது. ஓநாயைக் கூரிய கறுப்பு முக்கோணங்களால் ஆக்கி முன்னே கொண்டுவந்தபோது, அச்சம் பிறந்தது.

இதன் காரணத்தையும் அவர் ஆராய்ந்தார். கிடையான கோடு அமைதி தருகிறது. நாம் படுத்திருக்கும்போதும் நிலம் சமமாக இருக்கும்போதும் விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. நிமிர்ந்த கோடு ஆற்றலைக் காட்டுகிறது. சரிந்த கோடு அசைவைக் காட்டுகிறது. சரிந்த பொருள் விழப்போகிறது அல்லது பாயப்போகிறது. கூரிய முனை குத்தும் என்பதை நம் உடல் அறியும். வளைந்த வடிவம் அணைக்கும் என்பதையும் அறியும். ஆகவே, வடிவங்களின் மொழியை எவரும் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. விழுந்து எழுந்து நடைபயின்ற நாளிலேயே நம் உடல் அதனைக் கற்றுவிட்டது. சித்திரம் பயிலும் மாணவர் இவ்வுண்மையை மனத்திற் கொள்வாராக.

விரல்களால் படிக்கும் பிள்ளைகள்

லவாற்றரின் நூலுக்கு அவர் தொடங்கும்போது எண்ணியிராத பயன் ஒன்றும் பின்னாளில் விளைந்தது. பிரான்சிலே டிஜோன் நகரை அடுத்து, 1994இல் தொடங்கப்பட்ட 'கனவு காணும் விரல்கள்' என்னும் பதிப்பகம் ஒன்று உண்டு. பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தொட்டுப் படிக்கும் நூல்களை ஆக்குவது அதன் பணி. அப்பதிப்பகத்தார் லவாற்றரின் செந்தொப்பிச் சிறுமியைத் தொட்டு உணரும் வட்டங்களாக மாற்றி அமைத்தனர்.

ஏன் இந்த நூலைத் தெரிந்தனர் என்பதைச் சிந்திக்கவேண்டும். ஓநாயின் உருவத்தை மேடான கோட்டினால் வரைந்து பார்வையற்ற பிள்ளையின் விரலின் கீழ் வைத்தால், அப்பிள்ளைக்கு அது ஓநாயன்று. வளைந்து வளைந்து செல்லும் ஒரு கோடு மட்டுமே. பக்கத் தோற்றம், தூரத்துப் பொருள் சிறிதாதல் என்பன எல்லாம் கண்ணுடையார் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடுகள். ஆனால், சொரசொரப்பான ஒரு வட்டம் ஓநாய் என்றும் மென்மையான ஒரு வட்டம் சிறுமி என்றும் முதலிலே ஒப்பந்தம் செய்துகொண்டால், அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து அதே கதையைப் படிக்கும். மென்மையான வட்டத்தை நோக்கிச் சொரசொரப்பான வட்டம் நெருங்கிவருவதை விரல் உணரும்போது, கண்ணுடைய பிள்ளைக்கு உண்டாகும் அச்சமே அப்பிள்ளைக்கும் உண்டாகும். உருவத்தைத் துறந்தமையாலேயே இந்நூல் இருசாராருக்கும் பொதுவாயிற்று.

ஒரு மறுப்பும் விடையும்

"இவ்வாறு வட்டம் போட நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியுமே! இதற்கு ஓவியர் எதற்கு?" என்று சிலர் நகைப்பர். வட்டம் போடுவது எளிது என்பதை நாம் மறுக்கவில்லை. எந்த வட்டத்தை எவ்விடத்தில் வைப்பது, எதனை வரையாது விடுவது என்பதிலேதான் கலை இருக்கிறது.

இன்னொரு மறுப்புச் சற்று வலியது. கதையை ஏற்கனவே அறிந்தவர்க்கே இப்புள்ளிகள் கதை சொல்லும். அறியாதவர்க்கு அவை வெறும் புள்ளிகளே அன்றோ? இது முற்றிலும் உண்மை. குறிவிளக்கத்தைமட்டும் வைத்துக்கொண்டு, பாட்டிக்கு நோய் என்பதையோ ஓநாய் பேசிய வஞ்சகச் சொற்களையோ எவரும் அறிந்துகொள்ள இயலாது. நாம் இதனைக் குறை என்று கருதவில்லை. இந்நூல் தானாகக் கதை சொல்லாது. பக்கத்தில் இருந்து சொல்வதற்கு ஒருவர் வேண்டும். வானொலி கதை சொல்கிறது. தொலைக்காட்சி கதை சொல்கிறது. கையடக்கத் தொலைபேசியும் இன்று கதை சொல்கிறது. அவற்றின் முன் பிள்ளையை இருத்திவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். புள்ளிப் புத்தகத்தின் முன் அவ்வாறு இருத்திவிட்டுப் போக இயலாது.

வீட்டிலே செய்யலாம்

லவாற்றரின் மூலப் பதிப்புகள் விலை மிக்கவை. பெரும்பாலும் நூல்நிலையங்களிலும் காட்சிச்சாலைகளிலும் காணப்படுபவை. அதனாற் கவலைகொள்ள வேண்டியதில்லை. தடித்த தாளை நீளமாக வெட்டி ஒட்டி, விசிறிபோலப் பத்து மடிப்புகளாக மடித்துக்கொள்ளுங்கள். நிறத்தாளில் சிறியனவும் பெரியனவுமாக வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். நிறத்தாள் இல்லையேல் பழைய சட்டைத் தெறிகளும் புளியங்கொட்டைகளும் போதும்.

முதலில் பிள்ளையோடு கூடிக் குறிவிளக்கம் எழுதுங்கள். எந்த நிறம் யாருக்கு என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கண்ணும் வாயும் வரையலாகாது என்பது இவ்விளையாட்டின் ஒரே சட்டம். பின்பு ஒவ்வொரு மடிப்பாகக் கதையை அமைத்துச் செல்லுங்கள். 'இப்பொழுது இருவரும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள்?' என்று கேளுங்கள். 'இவர் ஏன் இவ்வளவு பெரிதானார்?' என்று கேளுங்கள். விடையைத் திருத்தாதீர்கள். பயந்த பிள்ளை ஓநாயை மிகச் சிறிதாக வெட்டும். துணிந்த பிள்ளை மிகப் பெரிதாக வெட்டும். பிள்ளையின் மனத்திலே கிடக்கும் ஓநாய் எவ்வளவு பெரிது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள இதனைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை.

அம்மம்மாவும் பேத்தியும்

மூதாட்டியின் கதையை முடிக்காமல் விடுதல் முறையன்று. நூலைக் கூடத்தில் விரித்ததும் அவர் முதலிற் கேட்டது, "உது என்ன பிள்ளை, பொட்டுப் பொட்டாய்க் கிடக்குது?" என்பதுதானாம். பேத்தி குறிவிளக்கத்தைப் பிரெஞ்சு மொழியில் வாசித்தாள். அம்மம்மா விழித்தார். பிள்ளை யோசித்துவிட்டு, பச்சைப் புள்ளிகளைத் தொட்டுக்காட்டி, "மரம்" என்றாள். சிவப்பைத் தொட்டு, "இது நான்" என்றாள். கறுப்பைத் தொட்டபோது தமிழ்ச் சொல் வரவில்லை. நாலு காலில் நின்று பல்லைக் காட்டி ஊளையிட்டாள்.

"ஓ, நரியோ!" என்றார் அம்மம்மா. நம் நாட்டில் ஓநாய் இல்லை, நரிதான் உண்டு. அன்றுமுதல் அவ்வீட்டில் அக்கதையின் ஓநாய் நரியாகிவிட்டது. கதையையும் அம்மம்மா தம் போக்கிலேயே சொன்னாராம். சிறுமி கொண்டுபோனது அப்பமன்று, பயற்றம் பணியாரம். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "நரி திரியிற காட்டுக்குள்ளை பச்சைப்பிள்ளையைத் தனிய அனுப்பின தாயை என்னெண்டு சொல்லுறது?" என்று கோபித்துக்கொண்டாராம். அதைக் கேட்ட பேத்தி தாயின் புள்ளியை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வேலை" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். அவருடைய மகள் அதிகாலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புபவர். முகமில்லாத அப்புள்ளியிலே பிள்ளை தன் தாயையே கண்டிருக்கிறாள். தாயின் முகம் நூலிலே வரையப்பட்டிருந்தால், அஃது எவளோ ஒரு வெள்ளைக்காரத் தாயின் முகமாக இருந்திருக்கும். "அம்மாவுக்கு வேலை" என்னும் சொல் அப்பிள்ளையின் வாயிலிருந்து வந்திராது. அன்றிரவு மகள் வந்ததும், நடந்ததை அவரிடம் கூறினீர்களா என்று கேட்டோம். "சொல்லேல்லை. அவள் பாவம். ஆனால் அடுத்த கிழமை அவளையும் இருத்தி வைச்சுத்தான் கதை சொன்னனான்" என்றார்.

நூல்நிலையத்திற்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தபோது, பேத்தி காகிதத்திலே தனக்கென ஒரு புத்தகம் செய்துகொண்டாளாம். அதன் குறிவிளக்கத்தில் ஒரு புள்ளி அதிகம். பெட்டியோடு வந்து மூன்று மாதத்தில் திரும்பிப் போகும் ஒரு புள்ளி அது. அதற்கு நேரே 'அம்மம்மா' என்று எழுதவேண்டும். தமிழில் எழுதத் தெரியாததனால், எழுதித் தரும்படி பிள்ளை கேட்டாளாம். மூதாட்டி எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து, அவளைக்கொண்டே எழுதுவித்தார்.

ஐந்து எழுத்துக்கள். அவற்றில் இரண்டு கோணலாக வந்தன என்று அவர் நமக்குக் கூறினார். கோணலைப்பற்றிக் குறைகூறுவதுபோலத்தான் கூறினார்; ஆயினும் அன்று மாலை நம் வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதனை மூன்று முறை கூறிவிட்டார்.